சேம அச்சும் ஹெரால்டு காரும்

1972ஆம் ஆண்டு சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தன் ஹெரால்டு காரின் இடத்தில் கெஸல் என்றொரு காரைக் கொண்டுவந்தது. புதிய கார் என்று சொல்லப்பட்டாலும் எஞ்சின் அதே 948 சிசி எஞ்சின்தான். மேலுடலும் ஹெரால்டின் வழிவந்ததே. பெரிய மாற்றம் வண்டிக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் நிகழ்ந்திருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேலும் கீழும் அசையக்கூடியவை. கெஸலில் அவ்வமைப்பு நீக்கப்பட்டு, இரு சக்கரங்களையும் ஒரே குழலால் பிணைக்கும் முழு அச்சு வந்து சேர்ந்தது. உலகெங்கும் கார்ப் பொறியியல் முழு அச்சிலிருந்து தனித்தனிச் சக்கரங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், வண்டலூரில் அது பின்னோக்கி நடந்தது. வாங்கியவர்களுக்கும் பழுது பார்த்தவர்களுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு போனால், உள்ளங்கையில் அடங்கும் சில ரப்பர்த் துண்டுகளில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டியை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் மவுண்டிங் ரப்பர்கள் அவை. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். அச்சைப் பற்றிப் பேசத் தொடங்கினால் புறநானூற்றைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்பதே என் விடை.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு ஓர் உவமை சொல்கிறார். உப்பு வணிகராகிய உமணர் இளங்காளைகளைப் பூட்டிப் பெருஞ்சுமை ஏற்றிப் புறப்படுகிறார்கள். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யார் அறிவார் என்றெண்ணி, இருக்கின்ற அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டிவைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். தமிழ் இலக்கியத்தில் உதிரிப்பாகத்தைப் பற்றிய பதிவுகளில் இதனினும் பழையது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தலைவனைப் புகழ அந்த உதிரி அச்சே போதும் என்று ஔவை கருதியது வியப்பு.

உமணர் வண்டி எங்கள் பக்கத்து மண்ணுக்கு அந்நியமானதன்று. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது; மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்கள் 1974இல் மாவட்டம் உருவானபோதுதான் புதுக்கோட்டையோடு சேர்ந்தன. சமஸ்தானத்தில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சும் தொழிலும் 1887இல் பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டால் நின்றுபோனது. அதன்பின் உப்பு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். செம்புறைக்கல் பரப்பிய பாதைகளில், மழை கழிந்தபின் இறுகிப்போன தடங்களில், வண்டி குலுங்கிக் குலுங்கி வந்திருக்கும்.

அந்த வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருசு என்று நம் ஊரில் சொல்லும் அச்சு சுழல்வதில்லை. அது தெப்பக்கட்டையோடு இறுகப் பிணைக்கப்பட்டு அசையாது கிடக்கும். அதன் இரு முனைகளிலும் குடமும் ஆரக்காலும் கொண்ட சக்கரங்கள் தத்தம் போக்கில் சுழலும். கழன்றுவிடாமல் கடையாணி காக்கும். மரத்துக்கும் மரத்துக்கும், மரத்துக்கும் இரும்புக்கும் இடையே நெகிழ்வான பொருள் எதுவும் இல்லை. எனவே பழுது என்றால் உடைதல்தான். வள்ளுவர் மயிற்பீலியை அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்று சொல்லும்போது நம் மனத்தில் எழுவதும் ஒரே கணத்தில் நிகழும் முறிவே. முறிந்ததைக் கண்ணால் காணலாம். தச்சர் ஒரு பகலில் வேறு அச்சைப் போட்டுவிடுவார். சேம அச்சு கையில் இருந்தால் அந்த ஒரு பகலும் மிச்சம்.

எஞ்சின் வந்ததும் கதை மாறியது. மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது, சக்கரம் பின்னால் உருள்கிறது. காரிலோ சக்கரத்தையே சுழற்றியாக வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிச் சுழற்றினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபடும். சுழல்விசையை இரண்டுக்கும் பங்கிட்டு, வேகத்தை மட்டும் அவற்றின் போக்குக்கு விட்டுவிடும் பற்சக்கர அமைப்பை 1820களின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டிக்காக வகுத்தார். அதுதான் டிஃபரன்ஷியல்.

நெடுங்காலம் இந்தப் பெட்டி பின்னச்சின் நடுவிலேயே குடியிருந்தது. அம்பாசிடரின் பின்புறம் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரு சக்கரங்களுக்கிடையே ஓர் இரும்புக் குழல், நடுவில் பூசணி போன்றதொரு புடைப்பு. குழலின் இருபுறமும் கமான் பட்டைகள். கனமான அமைப்பு, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து சாயும். ஆயினும் எங்கள் பட்டறைக்காரர்கள் அதைக் கண்டதும் புரிந்துகொண்டார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது தெப்பக்கட்டையும் இருசும்தானே. வண்டிக்கு எதை எப்படிப் பார்த்தார்களோ அதே கண்ணால் இதையும் பார்க்கலாம்.

ஹெரால்டு அப்படிப்பட்டதன்று. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் வெளியிட்ட கார் அது. வடிவம் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டியுடையது. அதற்கு முன்பே, உடல் தகடு செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது. முழு உடலை ஒரே துண்டாகச் செய்து தர ஆளில்லாமல், உடலைத் துண்டு துண்டாகச் செய்து தனி அடிச்சட்டத்தின் மீது போல்ட்டால் பூட்டும் பழைய முறைக்கே டிரையம்ப் திரும்பியது. நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு கடல்கடந்த நாடுகளில் காரைப் பூட்டிச் சேர்ப்பதற்கு வசதியாயிற்று. 1961இல் சென்னை ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்தது. அந்நாளில் இந்தியாவில் கார் செய்ய இடம்பெற்றிருந்தவை மூன்று நிறுவனங்கள்: கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. அம்மூன்றில் பின்சக்கரங்களைத் தனித்தனியே விட்டது நம் ஊர்க் கார் மட்டுமே.

அடிச்சட்டம் பழைய முறை என்றாலும் அதன் பின்பகுதி புதுமை. டிஃபரன்ஷியல் அச்சிலிருந்து பிரிந்து அடிச்சட்டத்தில் ஏறிக்கொண்டது. அதன் இருபுறமிருந்தும் இரண்டு அரைத் தண்டுகள் பறவையின் சிறகுகளைப் போல் மேலும் கீழும் அசைந்தன. இதுவரை வேறு சில கார்களிலும் உண்டு. ஹெரால்டில் கூடுதலாக ஒன்று: குறுக்கே கிடக்கும் ஒற்றைக் கமான் பட்டை டிஃபரன்ஷியல் பெட்டியின் தலைமீதே பூட்டப்பட்டிருந்தது. பட்டையின் இரு நுனிகள் இரு சக்கரங்களைப் பற்றின. ஆக, வண்டியின் பின்பாரம் அடிச்சட்டத்திலிருந்து மவுண்டிங் ரப்பர்கள் வழியாக டிஃபரன்ஷியலுக்கும், அதிலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து சக்கரத்துக்கும் இறங்கியது. மற்ற கார்களில் அதிர்வைத் தடுப்பதற்காக மட்டும் இருக்கும் ரப்பர், இங்கே பாரம் சுமக்கும் தூணாகவும் ஆகிவிட்டது.

இதோடு சுழல்விசையின் எதிர்விளைவு வேறு. முதல் கியரில் எஞ்சினின் விசை பின்சக்கரத்தை அடையும்போது ஏறத்தாழ 20 மடங்காகப் பெருகியிருக்கும். சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும் பெட்டி, தான் பின்னோக்கித் திரும்ப முயலும். அதன் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூக்கு கீழே இறங்கும். முன்புறம் இரு பக்கமும் உள்ள ரப்பர்களும், பின்புறக் காதில் அழுத்திச் செருகிய புஷ்ஷும் அதனூடே செல்லும் நீண்ட போல்ட்டும் இந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் விடாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். நகரத்தில் ஒரு நாள் ஓட்டினால் எத்தனை நூறு முறை கிளட்சை விடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதே பின்னமைப்போடு டிரையம்ப் ஒரு திறந்த விளையாட்டுக் காரையும் செய்தது: 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் அதை ஓட்டுபவர்களிடம் பேசினால், தேய்ந்த டிஃபரன்ஷியல் மவுண்டிங்கை மாற்றுவது என்பது எண்ணெய் மாற்றுவதைப் போல் வழக்கமான பேச்சு. அதன் அண்ணன்மாரான டிஆர் வரிசைக் கார்களில் கதை இன்னும் கடுமை. 1965இன் டிஆர்4ஏ முதல் டிஆர்6 வரை, ரப்பர் தளர்ந்தபின்னும் கவனிக்காமல் ஓட்டினால் டிஃபரன்ஷியல் சம்மட்டிபோல் இடித்து இடித்து, அடிச்சட்டத்தில் அது தொங்கும் இரும்புப் பிடிகளையே கிழித்துவிடும். சில ரூபாய் ரப்பருக்குச் சோம்பினால் சட்டத்தை அறுத்துப் பற்றவைக்க வேண்டும். 1961இன் ஜாகுவார் ஈ-டைப்பில் பின்னமைப்பு முழுவதையும் ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, அக்கூண்டை ரப்பர்க் கட்டைகளில் தொங்கவிட்டார்கள். விரைவு வண்டிகளுக்குத் தனிச் சக்கரம் வேண்டும். தனிச் சக்கரம் வேண்டுமென்றால் பெட்டியைச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். இரும்போடு இரும்பைப் பூட்டினால் பற்சக்கரத்தின் முனகல் முழுவதும் காதுக்கு வரும். இடையில் ரப்பர் வந்தே தீரும்.

(ஹெரால்டை விளையாட்டுக் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சோழவரத்தின் பழைய போர்க்கால ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் மெருகேற்றிய ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் ஓடின. தம்பியின் எலும்பு அதற்குள்ளும் இருந்ததல்லவா.)

ரப்பரைப் பற்றி ஒரு சிறு விலகல். அந்நாளில் பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்குச் சென்ற இயற்கை ரப்பரில் பெரும்பகுதி மலாயாவின் தோட்டங்களில் வடிந்தது. அங்கே பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்கள் வாழ்வை 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலாக எழுதிய அகிலன் பிறந்தது புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில். அந்த ரப்பர், இரும்பு வளையங்களுக்கிடையே பிணைக்கப்பட்ட புஷ்ஷாகிக் கார்களின் அடியில் தொங்கியது. இலக்கியத்தில் தோட்டம் இடம்பெற்றுவிட்டது. அந்தப் பால் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் இடம்பெறவில்லை.

ரப்பரின் மூப்பு மரத்தின் மூப்பைப் போன்றதன்று. அது முறிவதில்லை. வெப்பத்திலும் எண்ணெய்க் கசிவிலும் ஊறி, முதலில் மென்மையாகும். இரும்போடு ஒட்டிய இடத்தில் விடும். அல்லது காய்ந்து வெடிக்கும். டிஃபரன்ஷியலின் முன்பக்க எண்ணெய்த் தடுப்பு கசிந்தால் அந்த எண்ணெய் பக்கத்திலுள்ள ரப்பரை நனைக்கவும் கூடும். ஒரு நோய் இன்னொன்றுக்கு வழிவிடும். தளர்ந்தபின் என்ன நிகழும்? கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்றொரு சத்தம். காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. சில வேளை வளைவில் பின்புறம் அரைக்கணம் தாமதித்து வருவதுபோல் ஓர் உணர்வு. இவ்வளவுதான். சக்கரம் கழலவில்லை, வண்டி நிற்கவில்லை. எனவே யாரும் அவசரப்படுவதில்லை. அவசரப்படுகிறவர்களும் அநேகமாகத் தவறான இடத்தில் கைவைக்கிறார்கள்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர், புதுக்கோட்டையில் என் நண்பர், தந்தை விட்டுச்சென்ற ஹெரால்டு ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு இந்த 'டொக்' வந்தது. முதலில் காட்டிய பட்டறையில் கிரவுன் வீலும் பினியனும் தேய்ந்துவிட்டன என்றார்கள். இரண்டாவது பட்டறையில் பெட்டியைத் திறந்து, பற்களின் இடைவெளியைச் சரிசெய்து மூடினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. செலவு மட்டும் ஆயிற்று. மூன்றாவதாக ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, அடியில் படுத்து, ஒரு நீண்ட கடப்பாரையைச் சட்டத்துக்கும் டிஃபரன்ஷியலின் மூக்குக்கும் இடையே கொடுத்து நெம்பினார். பெட்டி ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது.

"சார், டிஃபரன்ஷியல் நல்லாத்தான் இருக்கு. அதப் புடிச்சிருக்க ரப்பர்தான் போயிருச்சு. உள்ள தொறந்து பாத்தா என்ன தெரியும்?" என்றார்.

மாற்றும் வேலை இரண்டு நாள் பிடித்தது. பின்புறத்தைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் சட்டத்துக்கு அடியில் தாங்கிகள் வைத்தார்கள். கமான் பட்டையைப் பெட்டியின் தலையிலிருந்து கழற்றினார்கள். புரொபெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகள், இருபுறத் தண்டுகளின் போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. வராதது ஒன்றே ஒன்று: பின்காதில் ஓடும் அந்த நீண்ட போல்ட். பல ஆண்டுத் துரு அதைப் புஷ்ஷின் உட்குழலோடு ஒன்றாக்கிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டும் பயனில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். பழைய புஷ்ஷை லேத் பட்டறையில் அழுத்தி வெளியேற்றினார்கள். புதியவை இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்திருந்தன. டிரையம்ப் பிரியர்களுக்காக அங்கே இவற்றை இன்னும் செய்து விற்கிறார்கள். கமான் நுனிப் போல்ட்டுகளின் கடைசி முறுக்கை மட்டும், வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் அமர்ந்தபின்பே கொடுத்தார் பெரியவர். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிய நிலையிலேயே உறைந்து, இறங்கியதும் கிழியத் தொடங்கும் என்றார். பெட்டிக்குள் ஒரு பல்லையும் தொடவில்லை. 'டொக்' போய்விட்டது.

ஹெரால்டுக்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கேனும் இப்படித் தவறான இடத்தில் கைவைத்ததால் வந்தது என்பது என் கருத்து. முழு அச்சில் 'டொக்' கேட்டால் பெரும்பாலும் பற்களையோ ஜாயின்ட்டையோ கமான் பட்டையின் புஷ்ஷையோ ஐயுறலாம்; டிஃபரன்ஷியலுக்கென்று மவுண்டிங் அங்கே கிடையாது. அந்தக் கண்ணோடு ஹெரால்டின் அடியில் படுத்தவருக்கு ரப்பர் ஓர் உறுப்பாகவே தோன்றியிராது. உடைந்த அச்சைக் கண்ட மாத்திரத்தில் அறியும் மரபு நம்முடையது. உடையாமல் தளர்வதை அறிய வேறொரு பயிற்சி வேண்டும். இறக்குமதி கட்டுண்டிருந்த அந்த ஆண்டுகளில், அறிந்தாலும் போட ரப்பர் எளிதில் கிடைத்திருக்க வேண்டும்.

ஒரு பங்கு என்று அளந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறகு அச்சுக்குத் தன்னளவிலேயே குறை இருந்தது. விரைவாக வளைந்து, நடுவில் திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்புறம் எழும்பி, வெளிச்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். அமெரிக்காவில் இதே வகைப் பின்னமைப்புக் கொண்ட ஷெவர்லே கோர்வேரை 1965இல் ரால்ஃப் நேடர் தம் நூலின் முதல் அத்தியாயத்தில் கூண்டிலேற்றினார். டிரையம்ப்பே 1970இல் ஸ்பிட்ஃபயரின் கமான் பட்டையை மாற்றியமைத்துத்தான் இதைத் தணித்தது. அதே 1970இல் அந்நிறுவனம் வெளியிட்ட டொலிடோ என்ற குடும்பக் காரில் முழு அச்சே இருந்தது, செலவு குறைவு. டிஆர்4ஏ காரைக்கூட அமெரிக்க விற்பனையாளர்கள் முழு அச்சோடு கேட்டு வாங்கினார்கள். ஆக, கெஸலைக் கண்டு நம் பட்டறைகளை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 1977இல் கெஸலும் நின்றுபோனது. 1985இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, இங்கிலாந்தின் ரோவர் காரை அடியொற்றிய பெரிய வண்டி, முழு அச்சோடுதான் வந்தது. 1988இல் தொழிற்சாலையே மூடப்பட்டது.

இப்போது பழைய கார்க்காரர்களிடையே வேறொரு விவாதம். ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் புஷ்கள் கிடைக்கின்றன. எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும், பெட்டியை அசையவிடாது. பந்தயத்தில் ஓட்டுபவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அதன் கடினத்தால் டிஃபரன்ஷியலின் முனகல் நேரே இருக்கைக்கு வந்துவிடுகிறது. அசைவைப் புஷ் உண்ணாததால் சட்டத்தின் பிடிகளுக்குப் போகும் அதிர்ச்சியும் கூடும். அறுபது வயதான சட்டத்தில் அதைப் போடலாமா என்று நண்பர் நிறைய யோசித்தார். பெரியவரிடம் கேட்டதற்கு, "சத்தம் வேணும்னா போடுங்க" என்று சொல்லிவிட்டார். ரப்பரே போடப்பட்டது.

வரவழைக்கும்போதே இன்னொரு ஜோடியும் சேர்த்து வரவழைத்திருந்தார் நண்பர். உமணருக்குக் கிட்டிய ஒரு வசதி அவருக்கு இல்லை. வைரம் பாய்ந்த மரம் வண்டிக்கடியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், ரப்பரோ உறைக்குள் இருக்கும்போதே மூப்படையும். ஆகவே உறையின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி, வெயில் படாத ஓர் அலமாரியில் வைத்திருக்கிறார்.